வீட்டுக்குப் போன பட்டைகள்

இருநூற்றுப் பன்னிரண்டு பட்டைகள் திரும்பி வரவில்லை.

கனகவல்லியின் மாலைக் கச்சேரி முடிந்து அரங்கம் காலியானதும், வாசலில் இருந்த பெட்டிகளை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா மேரி இந்தக் கணக்கைச் சொன்னாள். சங்கீத மாடம் சபாவுக்குள் நுழைகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி உள்ளே அனுப்புவதும், வெளியே போகும்போது கழற்றி வாங்கிக்கொள்வதும் அவள் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள். ஐந்தாறு பட்டைகள் தவறுவது உண்டு. இருநூறு தவறியது இதுதான் முதல் தடவை.

"மழை புடிச்சுக்கிச்சா, மிருதங்கக்காரரு தனி வாசிக்க ஆரம்பிச்சதும் பாதி சனம் கேன்டீனுக்கு எழுந்து போச்சா, அங்கேர்ந்து பக்கத்து கேட் வழியா அப்படியே ஆட்டோ ஏறிப் போயிட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா. "உள்ள பாட்டுக்கு அழுவுறாங்களோ இல்லியோ, ரவா கேசரி தீந்துபோச்சுன்னா அழுதுடுவாங்க இவங்க."

சுனந்தா சிரித்தாள். தனி ஆவர்த்தனம் தொடங்குகிற நேரம்தான் காபிக்கு உகந்த நேரம் என்று இந்த ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. எந்த வித்வான் கோபித்துக்கொண்டும் அது மாறியதில்லை.

ஆனால் அவள் மனம் பட்டைகளில் இல்லை. மேடைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அறையில், அவள் முன்னால் இருந்த திரையில், அன்றைய கச்சேரியின் எண் நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்தொன்று.

அந்த எண்ணைச் செய்தவளே சுனந்தாதான். பட்டை ஒருவரின் நாடித் துடிப்பைப் பார்க்கும், மூச்சைப் பார்க்கும், தோலில் அரும்புகிற வியர்வையைப் பார்க்கும், கையில் மயிர் சிலிர்த்து நிற்பதையும் பார்க்கும். அரங்கில் இருக்கிற எண்ணூறு பேரிடமிருந்தும் வருவதை நொடிக்கு நொடி கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். பழைய இலக்கணத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து அவள் அதற்கு மெய்ப்பாட்டு எண் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் யார் நாவிலும் ஏறவில்லை. எல்லோருக்கும் அது வெறும் எண்தான்.

அது வந்த காரணம் நல்ல காரணம். அதற்கு முன்னால் மார்கழியில் மாலை ஆறு மணி யாருக்கு என்பதைச் சில பேருடைய வரவேற்பறைகள் முடிவு செய்துகொண்டிருந்தன. ஒரு வருடம், ஆறு மணிக்குப் பாடியவர்களில் நான்கு பேர் நிர்வாகக் குழுவுக்குச் சொந்தம் என்று ஒரு பத்திரிகை படத்தோடு போட்டது. செயலாளர் பட்டாபிராமன் அந்த அவமானத்தில் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்பார்கள். நான்காம் நாள் வந்து, "இனிமே நாங்க யாரையும் பிடிச்சிருக்கு, பிடிக்கலைன்னு சொல்லப் போறதில்லை. கேட்கறவா உடம்பு சொல்லட்டும்" என்றார். அந்த வேலைக்குத்தான் சுனந்தாவை எடுத்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

முதல் வருடமே எண் தன் வேலையைக் காட்டியது. காலை ஒன்பது மணிக்கு, காலி நாற்காலிகளுக்கு நடுவே, பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் பாடினாள். ரயில்வே பட்டறையில் டர்னராக இருந்தவரின் மகள். சபாவில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. எண் எண்பத்தெட்டு. அந்தப் பெண்தான் கனகவல்லி. அடுத்த வருடம் அவர் மாலை ஆறு மணிக்குப் பாடினார். அன்றைக்குச் சுனந்தா நடந்த நடையை இப்போதும் ஸ்டெல்லா நடித்துக் காட்டுவாள்.

இப்போது விதி வேறு பக்கம் திரும்பியிருந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் மாலை ஆறு மணியிலிருந்து நடுப்பகல் பன்னிரண்டுக்கு இறங்க வேண்டும். கனகவல்லிக்குப் போன வருடம் ஐம்பத்து மூன்று. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை குழு கூடும். அதற்குள் பட்டியலில் சுனந்தா கையெழுத்திட வேண்டும்.

*

மூன்றாம் நாள், பட்டைகளை வசூலிப்பதற்காக அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க உட்கார்ந்தாள்.

தோலை விட்டுப் பிரிந்தால் பட்டை தூங்கிவிடும். பெட்டியில் போட்டதும் அப்படித்தான் தூங்கும். தோலில் இருக்கிற வரை தூங்காது. மின்சாரம் பத்து நாளைக்கு வரும். மெல்லிசான துணி மாதிரி இருப்பதால் கையில் இருப்பதே பலருக்கு மறந்து போயிருந்தது. சிலர் அதை அன்பளிப்பு என்றே நினைத்தார்கள். "ஒருத்தரு, குளிச்சா ஒண்ணும் ஆவாதேன்னு கேக்குறாரு" என்றாள் ஸ்டெல்லா. ஆக, இருநூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் இன்னும் யார் யார் கையிலோ விழித்திருந்தன. விழித்திருந்து அளந்துகொண்டும் இருந்தன.

பட்டைக்கு ஒரு சின்னக் காதும் உண்டு. கைதட்டுவதையும் தாளம் போடுவதையும் பிரித்தறிவதற்காக வைத்தது. பேச்சைச் சேமிக்காது. சுரம் போல ஏதாவது விழுந்தால் அதை மட்டும் குறித்துக்கொள்ளும்.

திரையில் முதலில் கண்ணில் பட்டது நூற்று நாற்பதாம் பட்டை. புதன்கிழமை மதியம், தாம்பரத்துக்குப் போகிற ரயிலில், யாரோ நான்கு சுரங்களை முணுமுணுத்திருக்கிறார்கள். அந்த நொடியில் கையில் மயிர் சிலிர்த்திருக்கிறது. அடுத்தது நூற்று எண்பத்தெட்டு. நங்கநல்லூரில், காலை பத்து நாற்பதுக்கு. அதே நான்கு சுரங்கள். அதே சிலிர்ப்பு. பிறகு இன்னொன்று. இன்னொன்று.

சுனந்தா அன்றைய கச்சேரியின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். சஹானா ராகத்தை விரித்துக்கொண்டு போகையில் கனகவல்லி ஒரு வளைவில் நின்று, அதை முடிக்காமல் விட்டுவிட்டு வேறு பக்கம் போயிருந்தார். நான்கே சுரம். அந்த இடத்தில் அரங்கின் எண் முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அன்று மாலை முழுக்க அதற்குக் கீழே எண் போகவில்லை.

அந்த நான்கு சுரங்கள்தான் ஊர் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தன. அதுவும், பாதியில் எழுந்து கேன்டீனுக்குப் போனவர்களின் உடம்பில்.

ஒன்பதாம் நாளுக்குள் எண்பத்து மூன்று பேர். அவர்களில் முப்பத்திரண்டாம் பட்டைக்காரர் தனி ரகம். காலை ஆறு இருபதுக்கு, ஏழு நாள், தவறாமல். நான்காவது சுரத்துக்கு வரும்போது நாடி ஒரு தடவை தயங்கும், பிறகு கை முழுவதும் சிலிர்க்கும். அரங்கில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் அவருடைய எண் தொண்ணூற்றேழு. பன்னிரண்டு வருடத்தில் சுனந்தா அதைப் பார்த்ததில்லை.

எந்தப் பட்டை எந்த இருக்கைக்குப் போனது, அந்த இருக்கை யாருடையது என்று சொல்லும் பதிவேடு அவள் கணினியிலேயே இருந்தது. இரண்டு தடவை அதன் மேல் விரலைக் கொண்டு போனாள். திறக்கவில்லை. யாரோ ஒருவர் சட்டை இல்லாமல் நிற்கிற ஜன்னலுக்கு வெளியே தான் நிற்பதைப் போல அவளுக்கு இருந்தது.

*

வியாழக்கிழமை காலை பெரம்பூருக்குப் போனாள். கனகவல்லி கூடத்தில் செய்தித்தாளை விரித்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா சுனந்தா. ஐம்பத்தொண்ணுதான? ஸ்டெல்லா போன் பண்ணிட்டா. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? உக்காரு, நீயும் ரெண்டு உரி."

"அக்கா, நான் அதைச் சொல்ல வரல."

"எண்பத்தெட்டு வாங்கினப்ப எண்ணு நல்லது, அம்பத்தொண்ணு வாங்கினா எண்ணு கெட்டதுன்னு பேச எனக்கு வாய் வராது. அது இல்லேன்னா நான் இன்னைக்கும் காலைல ஒம்பது மணிக்கு நாற்காலிக்குப் பாடிட்டிருப்பேன்."

"அந்த எண்பத்தெட்டை இப்பவும் வாங்கலாமேக்கா. உங்களால முடியாதா?"

"ஏன் முடியாது? மேல் ஷட்ஜத்துல போய் நின்னா ஏறும். இன்னும் கொஞ்சம் நின்னா இன்னும் ஏறும். இப்ப எல்லாரும் அங்கதான நிக்குறாங்க? காதுக்குள்ள குண்டுமணி மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு, எண்ணு ஏறுனா அது ரெண்டு தட்டு தட்டும், இறங்குனா ஒரு தட்டு. வண்டி ஓட்டுற மாதிரி ஓட்டுறாங்க." கனகவல்லி ஒரு பூச்சி மொச்சையைத் தனியே எறிந்தார். "நானும் நாலு வருஷம் நின்னேன். கச்சேரி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா உள்ள எதுவும் மிச்சம் இருக்காது. பாடுன எனக்கே இல்லேன்னா, கேட்டவங்களுக்கு என்ன இருக்கும்னு ஒருநாள் தோணுச்சு. அதோட விட்டுட்டேன்."

சுனந்தாவுக்கு இது புதிய செய்தி அல்ல. எண் வந்த முதல் வருடம் சபாவின் சராசரி அறுபத்திரண்டு. இந்த வருடம் எண்பத்து நான்கு. பதினெட்டுப் பாடகர்களின் வரைபடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஒரே கோடாகத்தான் தெரிந்தது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் ஏறி, ஒரே நிமிடத்தில் இறங்கினார்கள். கேட்பவர்களுக்கும் பழகிவிட்டது. ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பே அவர்கள் உடம்பு சிலிர்க்கத் தயாராகிவிடும்.

"சஹானாவுல ஒரு இடத்தை முடிக்காம விட்டீங்க" என்றாள். "தெரிஞ்சுதான் விட்டீங்களா?"

கனகவல்லி நிமிர்ந்து பார்த்தார். "அதையா கவனிச்ச? ஒருத்தரும் கவனிக்கலன்னு நினைச்சேன்."

"எண் அங்க முப்பத்தெட்டுக்கு வந்துச்சு."

"வராம? பாதிப் பேச்சுல எழுந்து போனா யாருக்குப் புடிக்கும்?" அவர் சிரித்தார். "நானே முடிச்சுட்டா அது என்னோடது. முடிக்காம விட்டா, எப்பவாவது அவங்க முடிச்சுக்குவாங்கன்னு ஒரு நினைப்பு. நிச்சயமெல்லாம் இல்ல. நினைப்புதான்."

சுனந்தா கையில் இருந்த மொச்சையைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். தாம்பரம் ரயில், நங்கநல்லூர், எண்பத்து மூன்று பேர், காலை ஆறு இருபது.

கனகவல்லி முதலில் நம்பவில்லை. பிறகு குழந்தை மாதிரி கேட்டார். "ஓடுற ரயில்லயா? அந்தச் சத்தத்துலயா? ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாதுக்கா. நான் பார்க்கல."

"எண்பத்து மூணு பேரு!" எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது. அதைத் துடைக்காமலே கேட்டார். "அவங்களுக்குத் தெரியுமா, நீ இதையெல்லாம் பார்க்குறது?"

"தெரியாது."

கனகவல்லி மறுபடியும் ஒரு மொச்சையைக் கையில் எடுத்தார்.

"இதைக் குழுவுல காட்டினா என் ஆறு மணி தப்பிக்குமா?"

"தப்பிக்கும்."

"அடுத்த வருஷம்?"

"எல்லார் கையிலயும் பத்து நாளைக்குக் கட்டி வீட்டுக்கு அனுப்புவாங்க."

"அதுக்கப்புறம் முணுமுணுக்கறதுக்கு டியூஷன் ஆரம்பிச்சுருவாங்க. ரயில்ல போறவன் கைய பார்த்துக்கிட்டே முணுமுணுப்பான், சிலிர்த்துச்சா இல்லையான்னு." கனகவல்லி பெருமூச்சு விட்டார். "எனக்கு அந்த ஆறு மணி வேணும் சுனந்தா. பொய் சொல்ல மாட்டேன். பன்னெண்டு மணிக்கு இறங்கினா நல்ல வயலின் வராது, நல்ல மிருதங்கம் வராது. பாட்டு கத்துக்க வர்ற புள்ளைங்க வேற இடம் பார்த்துக்கும். நான் எழுந்து வர்றதுக்கு இன்னொரு பன்னெண்டு வருஷம் இல்ல எனக்கு. வேணும்னு கிடக்குறவகிட்ட வந்து, அடுத்த வீட்டுல இருந்து எடுத்துத் தரட்டுமான்னு கேக்கக் கூடாது. என்னைக் கேக்காத. நீயே முடிவு பண்ணு. என்ன பண்ணாலும் உன்மேல எனக்கு வருத்தம் இல்ல."

கிளம்பும்போது ஒரு டப்பாவில் உரித்த மொச்சையைப் போட்டுக் கொடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு கூடியது. நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர். தலைப்பக்கத்தில் செயலாளர் பட்டாபிராமன், எழுபது வயதிலும் இஸ்திரி கலையாத கதர்ச் சட்டையில். அவருக்கு வலப்பக்கம் கமலநாதன். பல் மருத்துவர், நாற்பது வருடச் சிநேகிதர், அவரை இடைமறிக்கிற துணிச்சல் உள்ள ஒரே ஆள்.

சுனந்தா ஒரு முடிவோடு வந்திருந்தாள். ஐம்பத்தொன்று என்ற எண்ணில் அவள் கையெழுத்திட்டாயிற்று. அது அரங்கின் எண், உண்மையான எண். வெளியே போன பட்டைகள் விழித்திருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவற்றில் சேர்ந்ததை அழிக்க அனுமதி கேட்பது என்று தீர்மானித்திருந்தாள்.

சொன்னாள். கனகவல்லி பாடிய ஓர் இடத்தை எண்பத்து மூன்று பேர் வீட்டிலும் வழியிலும் முணுமுணுத்துச் சிலிர்த்திருக்கிறார்கள், அவர்களில் யாருடைய பெயரும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை என்றும் சொன்னாள்.

அழிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"பிரமாதமா இருக்கே!" என்றார் பட்டாபிராமன். "இத்தனை நாள் ரெண்டு மணி நேரத்தைத்தானே அளந்தோம்? ஆத்துக்குப் போயும் அளக்கலாம்னா, எந்த சபாவுக்கு இந்த வசதி இருக்கு? அடுத்த சீசன்லேர்ந்து டிக்கெட்டோட பத்து நாள் பட்டை. எழுதிக்கோங்கோ."

"அப்படின்னா கனகவல்லிக்கு இதைச் சேர்த்துக்கலாமா?" என்று கமலநாதன் கேட்டார்.

"அதெப்படி? இந்த வருஷ விதி அரங்கத்துக்கு மட்டும்தான். ஐம்பத்தொண்ணு. பன்னெண்டு மணி. விதின்னா எல்லாருக்கும் விதி. எனக்கு மட்டும் என்ன, அன்னிக்கு முன் வரிசையிலதான் இருந்தேன். ஒண்ணும் தோணலை. தனி ஆரம்பிச்சதும் எழுந்து போயிட்டேன்." சட்டென்று நினைவு வந்தவராகச் சட்டைப் பையில் கையை விட்டார். "நல்லவேளை. என்னோட பட்டையும் ஆத்துக்கே வந்துடுத்து. இன்னிக்குக் கார்த்தாலதான் கழட்டினேன். ஸ்டெல்லாகிட்ட சொல்லிடு, இருநூத்திப் பதினொண்ணுதான் பாக்கின்னு."

பட்டை மேஜையின் மேல் வழுக்கி வந்து சுனந்தாவின் முன்னால் நின்றது. அதன் ஓரத்தில் எண் அச்சடித்திருந்தது. முப்பத்திரண்டு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில வர முடியுமா? உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றாள்.

நடைவழியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"சார், காலைல ஆறு இருபதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"இதென்ன கேள்வி? ஷேவ் பண்ணிப்பேன்."

"அப்ப ஏதாவது பாடுவீங்களா?"

"நானா? எனக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கேக்கறதோட சரி." சொல்லிவிட்டு நிறுத்தினார். "ஆனா நாலு நாள் முன்னாடி ஆத்துக்காரியோட சண்டை. 'என்ன இது, புதுசா கார்த்தால பாட ஆரம்பிச்சிருக்கேள்'னா. நான் பாடவே இல்லைங்கறேன், அவ பாடினேள்ங்கறா. கடைசியில உங்களுக்கு வயசாயிடுத்துன்னு முடிச்சா." அவர் குரல் மெதுவானது. "ஏன் கேக்கறே?"

சுனந்தா தன் கையடக்கத் திரையை அவரிடம் கொடுத்தாள். ஏழு காலைகள். ஏழு கோடுகள். ஒவ்வொன்றிலும் நான்காவது சுரத்தில் ஒரு தயக்கம், பிறகு ஓர் எழுச்சி.

"இது உங்களுடையது சார். உங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்க பட்டையைக் கொடுக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது."

பட்டாபிராமன் நெடுநேரம் பார்த்தார். முதலில் முகம் சிவந்தது.

"என் பாத்ரூம்லயா? நான் கண்ணாடி முன்னாடி நிக்கறச்சேயா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்கலை சார். அதனாலதான் அழிக்கணும்னு சொன்னேன். நீங்க எல்லார் கையிலயும் கட்டச் சொன்னீங்க."

லிஃப்ட் வந்து, கதவு திறந்து, ஒருவரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. அவர் கோபம் அதோடு கீழே போய்விட்டதைப் போலிருந்தது.

"நான் நிஜமாவே ஒண்ணும் தோணலைன்னுதான் நினைச்சேன்" என்றார்.

"அரங்கத்துல தோணலை சார். அன்னைக்கு உங்க எண் நாற்பது."

"அதுக்கப்புறம் எதுக்கு வந்தது?"

"தெரியலை சார். அதை அளக்க எனக்குத் தெரியாது."

அவர் திரையைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாத்தையும் அழிச்சுடு. என்னோடது மட்டும் இல்லை. எல்லாத்தையும். இப்பவே." அவள் அழிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"பத்து நாள் பட்டைன்னு எழுதினதை அடிச்சுடுங்கோ" என்றார், உட்காருவதற்கு முன்பே. "எந்தப் பட்டையும் இனிமே கேட்டைத் தாண்டக் கூடாது. பக்கத்து கேட்டுலயும் ஒரு பெட்டி வைங்கோ. அப்புறம், கனகவல்லிக்கு ஆறு மணி அப்படியே இருக்கட்டும்."



"பட்டாபி," என்றார் கமலநாதன், "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி விதின்னா எல்லாருக்கும் விதின்னே."

"விதியை மீறறேன். மீறறேன்னே எழுதுங்கோ."

"பன்னெண்டு வருஷமா இதுக்குத்தானே பயந்தோம்? செயலாளர் சலுகைன்னு பேப்பர்ல போடுவான். உன்னை மறுபடி வீட்டுக்குள்ள உட்கார வைப்பான்."

"அப்போ நம்ம பேரை மறைச்சுண்டு பண்ணினோம். அதனால உட்கார்ந்தேன்."

சுனந்தா குறிப்பேட்டில் பேனாவை வைத்தபடி கேட்டாள். "காரணம்னு ஒரு பத்தி இருக்கு சார். என்ன எழுதட்டும்?"

அவள் கேட்டது வெறும் நடைமுறைக் கேள்வி. ஆனால் அவருக்கு வேர்த்துவிட்டது. பன்னிரண்டு வருடம் எழுதாத ஒரு சொல்லை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில். "அப்படியே எழுது. செயலாளர் பட்டாபிராமனுக்குப் பிடிச்சிருக்கு. கீழே கையெழுத்துப் போடறேன்."

"எது பிடிச்சுது?" கமலநாதன் விடவில்லை. "கேட்டா சொல்லணுமே. நீதான் பாதியில காபிக்குப் போயிட்டியே."

பட்டாபிராமன் வாயைத் திறந்தார்.  கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுருதி இல்லாத, கரகரத்த குரலில் நான்கு சுரம் பாடினார். நான்காவதில் குரல் கொஞ்சம் நடுங்கியது. கனகவல்லி விட்ட இடத்திலேயே அவரும் விட்டார்.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அசையவில்லை. யார் கையிலும் பட்டை இல்லாததால் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று சுனந்தாவுக்குத் தெரியாது. கமலநாதன் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரொம்ப மோசமாப் பாடறே" என்றார். பிறகு, "எழுதும்மா" என்றார்.

*

அடுத்த மார்கழிக்கான நிகழ்ச்சிப் புத்தகம் அக்டோபரில் வெளிவந்தது. வழக்கம்போல ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் போன வருட எண் இருந்தது. தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, எண்பத்தாறு. பதினாறாம் தேதி, மாலை ஆறு மணி, கனகவல்லி என்ற பெயருக்கு எதிரில் ஐம்பத்தொன்று என்று இருந்தது. அதன் கீழே ஒரு வரி: செயலாளர் பட்டாபிராமனுக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வரியைச் சின்ன எழுத்தில் போடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். சுனந்தா ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணின் அளவிலேயே போடச் சொன்னாள்.

புத்தகம் வந்த அன்று காலை பத்து மணியிலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் அழைத்த நான்கு பேரும் திட்டினார்கள். ஒருவர், சபா பழைய குட்டைக்கே திரும்பிவிட்டது என்றார். இன்னொருவர், செயலாளருக்குப் பிடித்தால் செயலாளர் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்கட்டும் என்றார். சுனந்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, தேதி போட்டு, புகார் என்ற கட்டத்தில் பதிவு செய்துகொண்டாள். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் என்றும் அவளுக்குத் தோன்றியது. ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு ஒரு பெயர் இருந்தது. அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

ஐந்தாவதாக அழைத்தது ஒரு பெண். பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல்.

"சங்கீத மாடமா? இந்தப் புத்தகத்துல பதினாறாம் தேதிக்குக் கீழ ஒருத்தர் தனக்குப் பிடிச்சிருக்குன்னு போட்டிருக்காரே, அதை யார் வேணும்னாலும் போடலாமா? எனக்கும் பிடிச்சிருக்கு. அதைச் சொல்ல எங்க கையெழுத்துப் போடணும்?"

சுனந்தா திரையில் தேடினாள். எண்ணுக்குக் கட்டம் இருந்தது, இருக்கைக்கு இருந்தது, புகாருக்கு இருந்தது. இதற்கு இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள், "உங்க பேர் என்ன?"